வெட்டைக்கு வாய் வந்த கதை

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே பேச்சுதான். ஆடு வழி கேட்கும், மனுஷன் சொல்வான். மனுஷன் மழை வருமா என்று கேட்பான், தவளை சொல்லும். பொய் சொல்வதில் மட்டும் மனுஷன் அப்போதே கொஞ்சம் முந்திக்கொண்டிருந்தான். மற்றபடி எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், ஒரே ஒரு பறவையைத் தவிர.

அது தரையில் நடந்து திரிகிற பறவை. மஞ்சள் நிறத்தில் நெட்டைக் கால், கறுத்த தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்னத் தோல். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் வாயைத் திறக்காது. யார் வந்தாலும் யார் போனாலும் மூச்சுக் காட்டாமல் ஒதுங்கி நிற்கும். அதனால் ஊரார் அந்தப் பெட்டைக்கு மூச்சுக்காட்டாள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் சேர்த்து அவள் புருஷன் பேசுவான். அவன் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்கு மேற்கே இருந்த வெட்டையில் குடியிருந்தார்கள். வெட்டை என்றால் மரம் மட்டை இல்லாத திறந்த வெளி. சரளைக் கல்லும் புல்லும் அங்கங்கே ஆவாரம் புதருமாகக் கண்ணுக்கு எட்டின தூரம் கிடக்கும். ஊர் ஆடுமாடெல்லாம் அங்கேதான் மேயும். சட்டி வனைகிற தங்கப்பழம் அதன் தென்கோடியில்தான் களிமண் வெட்டுவார். கோடையில் சாமி கும்பிட்டால் பொங்கல் பானை அங்கேதான் ஏறும். முயல், உடும்பு, கீரி, புற்றுக்குள் இருக்கிற பாம்பு என்று அதை நம்பியிருந்த சீவன் கொஞ்சமா நஞ்சமா. யாராவது செத்தாலும் கடைசியில் அங்கேதான் கொண்டுபோவார்கள். பேர் என்னவோ ராசாவின் நிலம். ராசா அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

மூச்சுக்காட்டாள் ஒரு ஆவாரம் புதருக்குள் சுள்ளி சுள்ளியாகக் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தாள். அப்படி ஒரு கூட்டை இப்போது நீங்கள் பார்க்க முடியாது. காற்றுப் புகாது, கழுகுக் கண் புகாது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு மேல் நாலு முட்டை. பால் வெள்ளையாக, பளிச்சென்று நாலு முட்டை. முந்தின வருஷம் இட்டதையெல்லாம் உடும்பு தின்றுவிட்டது. அதனால் இந்த நாலின் மேல் அவளுக்கு உயிர்.

அந்த வருஷம் புது ராசா பட்டத்துக்கு வந்தார். நல்லவர்தான், ஆனால் புதுசு. தன் நாட்டில் எது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்தது. நாடு முழுக்கத் தண்டோரா போட்டார்கள். கோல்காரர் வந்து ஊர் ஊராக நிலம் அளப்பார். ஒவ்வொரு நிலத்திலும் நின்று, இது யாருடையது என்று மூன்று நாள் காலையில் மூன்று முறை கேட்பார். சொந்தம் உள்ளவர் சொல்லலாம், அது ஆடாக இருந்தாலும் சரி, ஆளாக இருந்தாலும் சரி. மூன்று முறை கேட்டும் யாரும் சொல்லாத நிலம் தரிசு. தரிசை உழுகிறேன் என்று யார் முன்வருகிறாரோ அவருக்குக் கொடுத்துவிட வேண்டியது. இதுதான் உத்தரவு.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஊரிலும் யாரும் கவலைப்படவில்லை.

கோல்காரர் பெயர் உத்தண்டி. தோளில் பதினாறு சாண் நீளத்துக்கு அளவுகோல், இடுப்பில் எழுத்தாணி, கையில் ஓலைக்கட்டு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவரிடம் ஒரே ஒரு பழக்கம். சொன்னதை எழுதுவார், சொல்லாததை எழுதமாட்டார். ஒருத்தர் மனசில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாலும், வாயில் வந்தால்தான் ஓலையில் வரும். வயலும் தோட்டமும் வீட்டு மனையும் எல்லாம் அளந்து முடித்துக் கடைசியில் வெட்டைக்கு வந்தார். ஊரும் பின்னாலேயே வந்தது.

நடு வெட்டையில் கோலை ஊன்றி நின்று, “இது யாருடையது?” என்று கேட்டார்.

முன்னால் நின்றவள் ஒச்சாயி. பதினோரு வெள்ளாடு வைத்திருந்தாள். அந்த ஆடுகளைத் தவிர அவளுக்கு உறவென்று சொல்ல யாரும் இல்லை. விடிந்தால் வெட்டை, அடைந்தால் வீடு. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எங்களுது இல்ல சாமி” என்றாள்.

பொய் இல்லையே. உத்தண்டி எழுதிக்கொண்டார். அடுத்துத் தங்கப்பழம். தான் மண் எடுப்பது உண்டு, அதுவும் வேண்டிய அளவுதான், மற்றபடி எங்களுது இல்லை என்று சொன்னார். எருமையைக் கேட்டார், எங்களுது இல்லை. முயலைக் கேட்டார், காதை மடக்கிக்கொண்டு எங்களுது இல்லவே இல்லை என்றது. பாம்புகூடப் புற்றிலிருந்து தலையை நீட்டி அதையே சொல்லிவிட்டு உள்ளே போனது. பிறத்தியார் பங்கையும் சேர்த்து எங்களுது என்று சொல்லிவிட்டால் பழி வந்து சேருமே என்று ஒவ்வொருத்தருக்கும் பயம். எல்லாரும் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த யோக்கியத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கோல்காரர் ஆவாரம் புதரண்டை வந்தார். மூச்சுக்காட்டாள் கூட்டுக்குள் அப்படியே அமுங்கிக்கொண்டாள். அவள் புருஷன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தான். இந்தப் புதர் எங்களுது, எங்கள் கூடு இதில் இருக்கிறது என்று பிசிறில்லாமல் சொன்னான். உத்தண்டிக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு வாயிலாவது சொந்தம் என்ற சொல் வந்ததே. புதரும் அதைச் சுற்றி நாலு முழமும் இந்தப் பறவைக் குடும்பத்துக்கு என்று எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் வெள்ளையப்பர் முன்னால் வந்தார். ஊரிலேயே பெரிய சம்சாரி. ஆறு ஏர் ஓட்டுகிறவர். உழைப்பாளி என்றால் அப்படி ஒரு உழைப்பாளி, வரப்பில் உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த வியாதி ஒன்றே ஒன்று. ஒரு இடம் உழாமல் கிடப்பதைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். வெட்டையைக் கடந்து போகும்போதெல்லாம், சும்மா கிடக்குதே, சும்மா கிடக்குதே என்று முனகிக்கொண்டே போவார். ஆடு மேய்வதும் பிணம் வேகிறதும் பிள்ளைகள் ஓடுவதும் அவர் கணக்கில் சும்மாதான்.

“ஆரோடதும் இல்லேன்னா, நான் உழுதுக்கிடுதேன்யா” என்றார்.

இன்னும் இரண்டு காலை கேட்க வேண்டும், மூன்றாவது காலையிலும் இதே பதில் என்றால் ஏரைப் பூட்டிக்கொள்ளலாம் என்று உத்தண்டி சொன்னார். ஊரார் முகத்தில் ஈயாடவில்லை. தாங்கள் சொன்ன பதிலுக்கு இப்படி ஒரு வால் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. என்ன செய்ய? எங்களுது இல்லாததை எங்களுது என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் நாள் காலையும் அதே கேள்வி, அதே பதில். குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. கோல்காரர் ஓலையை மடக்கும்போது ஒச்சாயியின் முகத்தை ஒரு நொடி பார்த்தார். வேறு ஏதாவது சொல்லமாட்டாளா என்று அவருக்கே இருந்திருக்கும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புருஷன் பறவைக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. நம் புதர் நமக்கு எழுதியாகிவிட்டது, இனி எவனும் கை வைக்க முடியாது என்று புதரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். நாலு முழத்தையும் காலால் அளந்து பார்த்தான். மூச்சுக்காட்டாள் முட்டைமேல் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாலு எட்டு வைப்பதற்குள் எல்லை வந்துவிட்டது. திரும்பினான். மறுபடி நாலு எட்டு, மறுபடி எல்லை.

அவள் குஞ்சுகள் மற்றக் குஞ்சுகளைப் போல் இல்லை. கோழிக்குஞ்சு தாய்ச் சிறகுக்குள் கிடக்கும், காக்கைக் குஞ்சு கூட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இவள் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்த அன்றே ஓடும். பூச்சி எங்கே ஓடுகிறதோ அங்கே ஓடும், அவ்வளவு தூரமும் ஓடும். நாலு முழத்தில் அது எங்கே ஓடும்? ஓடி உழவுக்குள் விழுந்தால் எந்த மாட்டுக்குளம்பு பார்த்துக்கொண்டு மிதிக்கும்? மனசுக்குள் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். கூடு பத்திரம். முட்டை பத்திரம். குஞ்சு வெளியே வந்ததும் சாகும். அவளுக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது.

உச்சி வெயிலில் ஒச்சாயி ஆடுகளைப் புதர்ப்பக்கம் ஓட்டிவந்தாள். நிழலுக்கு உட்கார்ந்தவள் ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொடுத்தாள். பிறகு எல்லா ஆடுகளையும் பார்த்து, “நல்லா மேஞ்சுக்கிடுங்கடி. நம்ம வெட்டைக்கு நாளையோட சரி” என்று சொன்னாள்.

நம்ம வெட்டை. மூச்சுக்காட்டாள் தலையைத் தூக்கினாள். இந்தச் சொல்லை அவள் எத்தனை தரம் கேட்டிருக்கிறாள். தங்கப்பழம் தன் கழுதையிடம் சொல்வார், நம்ம வெட்டையில மண்ணு எடுப்போம் வா. எருமை கன்றிடம் சொல்லும். பிள்ளைகள் பிள்ளைகளிடம் சொல்லும். நம்ம வெட்டை, நம்ம வெட்டை என்று ஊரே நாள் தவறாமல் சொல்லும். கோல்காரர் கேட்டபோது மட்டும் அந்தச் சொல் ஒரு வாயிலும் வரவில்லையே.

அவள் வாழ்நாளில் முதல் தடவையாக வேற்றாளிடம் வாயைத் திறந்தாள். பழக்கமில்லாத தொண்டை, கரகரவென்று வந்தது.

“ஏன் தாயி, இப்பச் சொன்னதை அந்த ஐயாகிட்டச் சொல்லலாம்ல?”

ஒச்சாயி திடுக்கிட்டுப் புதருக்குள் குனிந்து பார்த்தாள். மூச்சுக்காட்டாளா பேசியது என்று அவளுக்கு நம்பிக்கை வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொன்னாள்:

“அதெப்படிச் சொல்ல முடியும்? எங்களுதுன்னா என் வீட்டுது, அதுல நீ கெடையாதுன்னு அர்த்தம். அது பொய்யாப் போயிரும். நம்மளுதுன்னா கேக்கிற ஆளையும் சேத்துச் சொல்லுதது. அரமனை ஆளுகிட்ட நின்னு நம்மன்னு சொன்னா, ராசாவும் நானும் ஒண்ணுன்னுல்ல ஆயிரும்? ஆட்டுக்காரி சொல்லுத பேச்சா அது? நாக்கு நீளம்னு அறுத்துப்போட மாட்டாவளா?”

அந்த ஊர் வழக்கம் அப்படி. ஆடு மாட்டிடம் நம்ம என்பார்கள், அண்டை அயலாரிடம் நம்ம என்பார்கள். அரண்மனை ஆள் முன்னால் மட்டும் எங்க என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்ததை எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதை இப்போது வெட்டையையே விழுங்கப் பார்த்தது.

மூச்சுக்காட்டாள் அதற்குமேல் பேசவில்லை. புருஷன் வந்து முட்டைமேல் உட்கார்ந்ததும் கொஞ்ச தூரம் நடந்துபோய், ஆளில்லாத இடத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். முதலில் நம்ம என்று மட்டும் வந்தது. பிறகு முழுசாக வந்தது.

மூன்றாம் நாள் காலை. வெள்ளையப்பர் ஏர்மாடுகளையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கலப்பைக்குப் பொட்டு வைத்திருந்தது. கோல்காரர் நடு வெட்டையில் கோலை ஊன்றினார். இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். ஒச்சாயி வாய்க்குள்ளேயே எங்களுது இல்லை என்று முணுமுணுத்தாள். தங்கப்பழம் தலையை மட்டும் ஆட்டினார். வெள்ளையப்பர் மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“நம்மளுது.”

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒருத்தரும் இல்லை. மறுபடியும் தரையிலிருந்து வந்தது.

“நம்மளுது.”

மஞ்சள் கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, கோல்காரர் முன்னால் மூச்சுக்காட்டாள் நின்றுகொண்டிருந்தாள்.

உத்தண்டி எழுத்தாணியை எடுத்தார். இந்தச் சொல்லை எந்த ஊரிலும் யாரும் அவரிடம் சொன்னதில்லை. நம்ம என்றால் யார் யார் என்று மெதுவாகக் கேட்டார்.

“நானு. இந்தா நிக்கிற ஒச்சாயி. அதோட ஆடு. மண்ணு வெட்டுத ஐயா, அந்தப் பாம்பு, என் முட்டையத் தின்ன உடும்பு. ஏரு பூட்டிட்டு வந்திருக்காரே, அவரு. நீங்க. அப்புறம் ராசா.”

வெள்ளையப்பர்தான் முதலில் பேசினார். அவர் சட்டம் தெரிந்தவர். தனக்கென்று பங்கு எழுதி வாங்கிக்கொண்டவர் பொதுவுக்குச் சொல்கிற சொல் செல்லாது என்றார். இவள் புருஷன் முந்தாநாள்தான் புதரை எங்களுது என்று எழுதி வாங்கினான். கூடு நிற்கிறது. ஒரு வாயில் எங்களுது, இன்னொரு வாயில் நம்மளுது என்றால் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார்.

உத்தண்டி ஓலையைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. “வெள்ளையப்பர் சொல்வது சரிதான். கூடு நிற்கிற வரைக்கும் உன் சொல் செல்லாதம்மா” என்றார்.

மூச்சுக்காட்டாள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்பதுபோல் கழுத்தை ஆட்டினான். அத்தனை பேசுகிறவனுக்கு அன்று வாய் எழவில்லை. அவள் திரும்பிப் புதருக்கு நடந்தாள்.

முதலில் மேல் சுள்ளியை இழுத்துப் போட்டாள். அப்புறம் அடுத்தது. ஒரு மாசம் ஓடியாடிக் கட்டிய கூடு. பிரிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. பஞ்சைக் காற்று கொண்டுபோயிற்று. கடைசியில் முட்டை நாலும்தான் மிச்சம். அலகாலும் காலாலும் ஒவ்வொன்றாக உருட்டிப் புதருக்கு வெளியே கொண்டுவந்தாள். மூன்றை உருட்டிவிட்டாள். நாலாவது ஒரு சரளைக் கல்லில் மோதி விரிசல் விட்டு உடைந்தது. அவள் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். ஒச்சாயி ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பெத்த வயிறு எதுவானாலும் வயிறுதானே. பிறகு மூச்சுக்காட்டாள் மற்ற மூன்றையும் வெறும் தரையில், வெயிலில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவைத்தாள். அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“இப்ப எனக்குன்னு ஒண்ணும் இல்லை. எழுதிக்கிடுங்க. நம்மளுது” என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை முட்டை வெறும் தரையில் காய்ந்தால் உள்ளே இருக்கிறது வெந்துபோகும். அவள் புருஷன் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிக் குளத்துக்குப் பறந்தான். நெஞ்சும் வயிறும் சொட்டச் சொட்டத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் படுத்தான். மறுபடி போனான், மறுபடி நனைந்து வந்தான். ஈர முட்டையில் வெட்டையின் மண் ஒட்டியது. செம்மண்ணும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டே வந்தது. நாலைந்து தரம் போய்வருவதற்குள் எது முட்டை, எது சரளைக்கல் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. அந்த மண் பிறகு எத்தனை மழைக்கும் கழுவிக்கொண்டு போகவே இல்லை. தனக்காகக் கூட்டை இழந்தவளுக்கு வெட்டை தன் நிறத்தைக் கொடுத்துவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒச்சாயி, முந்தானையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். “நம்மளுதுதான் சாமி. நாக்க அறுத்தாலும் அறுங்க” என்றாள். அப்புறம் என்ன, தங்கப்பழம் சொன்னார், எருமை சொன்னது, முயல் சொன்னது. உடும்பும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னது. உத்தண்டிக்கு எழுத ஓலை போதவில்லை. கடைசியாக அவர் வெள்ளையப்பரிடம் திரும்பினார். உங்களையும் சேர்த்துத்தான் இவள் சொல்லியிருக்கிறாள், நீங்கள் உண்டா இல்லையா என்று கேட்டார்.

வெள்ளையப்பர் பொட்டு வைத்த கலப்பையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வலத்துக்காளைதான், கோடையில் தாங்களும் இங்கேதான் மேய்கிறோம் என்று மெதுவாக எடுத்துச் சொன்னது. அவர் நுகத்தடியை அவிழ்த்துக் கீழே வைத்தார். ஆசை அவரை விட்டுப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அவிழ்த்தார், அவ்வளவுதான்.

ஓலை ராசாவிடம் போயிற்று. அவர் அதை வாங்கிப் படித்தார். நம்ம என்று சொன்னவர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது, ஆட்டுக்காரிக்குப் பின்னால் ராசா என்றும் இருந்தது. சுற்றி நின்றவர்கள் கோபம் வரப்போகிறது என்று ஒதுங்கினார்கள். ராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து எல்லாரும் அவரைப் பார்த்து உங்கள் நாடு, உங்கள் நிலம், உங்கள் குளம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். யாரும் அவரைக் கூடச் சேர்த்துக்கொண்டதில்லை. ஒரு வெட்டாந்தரைக்காவது தன்னைப் பங்காளியாகச் சேர்த்தார்களே என்று அவருக்குச் சந்தோஷம். இந்த நிலம் அளவுகோலுக்குப் புறம்பே போகட்டும், யாரும் இதை எங்களுது என்று எழுத வேண்டாம், நான் உட்பட என்று உத்தரவு போட்டார். புறம்பே போன நிலம் என்பதால் அதற்குப் புறம்போக்கு என்று பேர் வந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லைத் திட்டுவதற்கு வைத்துக்கொள்கிறார்கள். அது வேறு சங்கதி.

உத்தரவைக் கொண்டுவந்து சொன்ன உத்தண்டி, மூச்சுக்காட்டாளிடம் ஒன்றைக் கூடுதலாகச் சொன்னார். ராசாவின் காது தூரத்தில் இருக்கிறது. ஓலையைச் செல் அரிக்கும். இந்த நிலம் குரலால்தான் நின்றது, குரல் எழாத அன்றைக்கு இது போய்விடும். அதனால் அபகரிக்க யாராவது வந்தால் கத்த வேண்டும்.

“வாரவன் அபகரிக்க வாரானா, ஆடு மேய்க்க வாரானான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் கேட்டாள்.

உத்தண்டி யோசித்தார். எவன் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை என்பது அத்தனை நிலம் அளந்தவருக்குத் தெரியாதா? தெரியாது என்றால் எல்லாரையும் பார்த்துக் கத்து என்று சொல்லிவிட்டுக் கோலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

முதல் வருஷம் அவள் கொஞ்சம் தாட்சண்யம் பார்த்தாள். தெரிந்த முகம் வந்தால் பேசாமல் இருந்தாள். வெள்ளையப்பர் ஒரு காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னம்மா குஞ்செல்லாம் சௌக்கியமா என்று அன்பாக விசாரித்துக்கொண்டே வந்தார். அவளும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். அவர் போனபின் பார்த்தால் அவருடைய வரப்பு வெட்டைக்குள் ஒரு உழவுச்சால் அகலம் நகர்ந்திருந்தது. அதோடு தாட்சண்யத்தை விட்டாள். ஒச்சாயி வந்தாலும் கத்தினாள். ஒச்சாயிக்குக் கோபம் இல்லை, சிரித்துக்கொண்டே, கத்துடி கத்து என்பாள். ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுக்கிறவளுக்கு மூச்சுக்காட்டாள் என்ற பேர் எப்படி நிற்கும்? ஊரே ஆள்காட்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. அப்புறம் காலம் மாறி, சீவராசிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் தங்கள் பாஷைக்குப் போய்விட்டன. மனுஷப் பேச்சு எல்லாவற்றுக்கும் மறந்துபோயிற்று. ஆள்காட்டிக்கும் மறந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

அன்று முதல்தான் ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில்தான் முட்டையிடும், முட்டையும் மண்ணின் நிறத்தில்தான் இருக்கும். அன்று முதல்தான் யார் வெட்டையில் கால் வைத்தாலும், நீங்கள் வைத்தாலும் நான் வைத்தாலும், தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டு “நம்ம, நம்ம, நம்மளுது, நம்மளுது” என்று கத்துகிறது. விரட்டும்போதுகூட அது எங்களுது என்று சொல்வதில்லை, விரட்டப்படுகிற நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறது.